பதினோராவது ஸ்லைடில் உன் முகம்

மச்சான்,

நேற்றுக் காலை உன் முகத்தை நானே நீலமாக்கினேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன். அடுத்த வாரம் சென்னையில் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீயும் நானும் சேர்ந்து செய்த கிராபிக்ஸ் போர்டைப் பற்றி இருபது நிமிஷம் பேச வேண்டும். அதன் வரைபடத்தையும் உள்ளே ஓடும் புரோகிராம் கோடையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று ஏன் வெளியே விட்டோம் என்று சொல்ல வேண்டும். "ஸ்லைடை சீக்கிரம் அனுப்புங்க, படம் நிறைய இருக்கட்டும், நடுவுல ஒரு ஜோக் இருந்தா நல்லது" என்று மெயில் வந்துகொண்டே இருக்கிறது. பத்து ஸ்லைடு முடித்துவிட்டேன். பதினோராவதுதான் ஜோக். சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டால் திரையில் மனுஷ முகம் எப்படித் தெரியும் என்று காட்டுவது. இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருக்கிற தப்பு என்பதால், அந்தப் படம் வந்தாலே சபை கொல்லென்று சிரிக்கும்.

அதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. பழைய ஃபோல்டரில் தேடினேன். நம் போர்டில் முதல்முதலாகப் படம் வந்த அன்று திண்டிவனம் ரூமில் எடுத்த போட்டோ கிடைத்தது. போர்டைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி நிற்கிறாய். அதைப் போட்டு, நிறத்தை மாற்றும் பட்டனைத் தட்டினேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்களே, அதே நிறத்தில் உன் முகம் வந்து நின்றது.

லேப்டாப்பை அறைந்து சாத்தினேன். போதவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். ஒரு கால் பிய்ந்து போய் விழுந்தது. கீழ் வீட்டுக்காரம்மா படியேறி வந்து, "இன்னாப்பா, ஆள கீள அடிக்கிறியா உள்ள?" என்று எட்டிப் பார்த்தாள்.

"எலிதான்க்கா."

"ஒரு எலிக்கு இம்மா சத்தமா?" என்றவள், என் கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் இறங்கிப் போனாள்.

கோபம் வந்தால் எதையாவது போட்டு உடைக்கிற புத்தி உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. நீ எனக்கு அறிமுகமானதே ஒரு சுத்தியலோடுதான். விழுப்புரத்தில் டிவி போர்டு ரிப்பேர் செய்யும் கடையில் நான் வேலையில் இருந்தேன். மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, அண்ணன்மாரோடு கடலுக்குப் போகப் பிடிக்காமல், திண்டிவனத்தில் எல்.இ.டி. வால் என்கிற ராட்சசத் திரையை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாய் நீ. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கபடி என்று எங்கே கூட்டமோ அங்கே உன் பெரிய திரை நிற்கும். அந்தத் திரைக்குப் படம் அனுப்புகிற பெட்டி செத்துப் போய்விட்டதென்று தூக்கிக்கொண்டு வந்தாய். திறந்து பார்த்தேன். சிப்பின் மேலிருந்த எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கறுப்புப் பிசினை ஊற்றி மூடி வைத்திருந்தார்கள்.

"உள்ள இன்னா கீதுன்னு எவனுக்கும் தெரியக் கூடாதுன்னு பூசி வச்சிருக்கான். இத ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

"நான்தான வாங்கினேன்? அப்போ இது யாரு பொட்டி? என்னுதா, அவனுதா?"

"அவனுதுதான்" என்று சிரித்தேன்.

என் மேஜை மேலிருந்த சுத்தியலை எடுத்தாய். ஒரே போடு. பிறகு நிறுத்தவே இல்லை. பெட்டி தகடாகி, தகடு சல்லடையாகும்வரை அடித்தாய். பிசின் துண்டு ஒன்று தெறித்து முதலாளியின் கன்னத்தைக் கீறியது. அவர் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. உன் ஆகிருதி அப்படி. என்னைப் பார்த்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். வெளியே வந்து பைக்கை உதைத்துக்கொண்டே, "ஏறுடா. நாமளே ஒண்ணு செய்யலாம். ஆனா தொறந்த மேனிக்கு இருக்கணும். எந்த ஊருக்காரனும் இத ரிப்பேர் பண்ண சுத்தி எடுக்கக் கூடாது" என்றாய். என் வேலையைப் பிடுங்கியவன் பின்னால் நான் ஏறி உட்கார்ந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கே கிறுக்குத்தனமாகத்தான் இருக்கிறது.

என்னைக் கெடாரு என்றுதான் கூப்பிடுவாய், ஊர்ப் பேரை வைத்து. பாசம் பொங்கினால் மச்சான். கெடார் காலனியில் பிறந்து வளர்ந்த எனக்கு, காலனிக்கு வெளியே இருந்து ஒருவன் அந்த உறவைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதை நீ யோசித்துச் செய்ததாகக்கூடத் தெரியவில்லை. அதனால்தான் எனக்கு அது அவ்வளவு பெரிதாக இருந்தது.

அந்த ரூமில் நாம் போட்ட சண்டைகளை இந்தக் கூட்டத்தில் சொன்னால் நம்ப மாட்டார்கள். பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்கு நம் போர்டைப் பற்றிப் பேச நாம் படம் தயார் செய்தது நினைவிருக்கிறதா? நான் கட்டம் கட்டமாக வரைந்து, அம்புக்குறி இழுத்து, அழகாக வைத்திருந்தேன். நீ பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பத்திர ஆபீஸ் நெலப்படமா?" என்று அந்தத் தாளைக் கசக்கி என் மூஞ்சியில் அடித்தாய். திரையில் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படத்தை வேறு நினைவகத்தில் தயார் செய்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கிழிந்து தெரியும் என்பதை விளக்க நான் ஆறு கட்டம் போட்டிருந்தேன்.

"ரெண்டு சட்டி போடு. ஒரு சட்டியில சோறு கொதிச்சிக்கினு இருக்குது, இன்னொரு சட்டியிலருந்து பரிமாறிக்கினு இருக்கிறோம். கொதிக்கிற சட்டியில கைய வுட்டா அர வேக்காடு. அவ்ளோதான் மேட்டரு."

"இஞ்சினியருங்க முன்னாடி சட்டிய காட்டச் சொல்றியா?"

தோளில் குத்தினாய். நான் உன் முன்னங்கையைக் கடித்தேன். சிவந்து தடித்துப் போன பல்தடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா வரிசையா இருக்குது பல்லு" என்று சிரித்துக்கொண்டு போய் டீ வாங்கி வந்தாய். கடைசியில் இரண்டு சட்டிதான் வரைந்தேன். பிள்ளைகள் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்கள். சென்னைக்கு அனுப்பும் ஸ்லைடுகளில் ஆறாவது அதே படம்தான், ஒரு கோடுகூட மாற்றவில்லை.

உனக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. வாலை மாட்டி முடித்ததும் முதலில் போடுகிற படம் எப்போதும் ஒன்றுதான்: வெள்ளை வேட்டி மேல் ஒரு கட்டு வெற்றிலை. மற்ற வால்காரர்கள் சாமி படம் போடுவார்கள். நீயும் முன்பு அப்படித்தான் போட்டிருந்தாய். பெருமுக்கல் பக்கம் ஒரு திருவிழாவில் அம்மன் முகத்தில் சரியாகக் கண் இருக்கிற இடத்தில் ஒரு பேனல் செத்துப்போய்க் கறுப்பாக நின்றிருக்கிறது. அம்மன் கண்ணைக் குத்திவிட்டான் என்று உன்னைத் தூணில் கட்டி வைத்து அடித்தார்கள். அந்தத் தழும்பை முதுகைத் திருப்பிக் காட்டினாய். "வெத்தலையப் பார்த்து எவனுக்கும் கோவம் வராதுடா கெடாரு" என்றாய். கபடிப் போட்டி என்றால் அணிகளின் பேரையும் திரையில் போட மாட்டாய். யார் பேர் முதலில் என்று வெட்டுக்குத்து வரும். சட்டையின் நிறத்தை மட்டும் போட்டு, அதன்மேல் வெள்ளையில் எண்ணிக்கை. ஊர் ஊராக அடி வாங்கி வாங்கி நீ கற்றுக்கொண்ட ஜாக்கிரதை அது.

அந்த ஜாக்கிரதைதான் உன்னைக் கொன்றது. இல்லை, மறுபடியும் நழுவுகிறேன். நான் கொன்றேன்.

கண்டாச்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் அந்த ஊர். ஊர்த் தெரு அணிக்குச் சிவப்புச் சட்டை, காலனி அணிக்கு நீலம். பல வருஷம் தனித்தனியாக விளையாடிவிட்டு அந்த வருஷம்தான் ஒரே மைதானத்தில் இறங்கியிருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் இறுதிப் போட்டி. பாதி ஆட்டத்தில் நீலம் பதினேழு, சிவப்பு பதினொன்று. அப்போது பார்த்துத் திரை படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. "ஜல்தி பாருடா, பேஜாரா போயிடும்" என்றாய். அந்தப் படபடப்புக்கு நான் ஏற்கெனவே வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். புதுக் கோடு லேப்டாப்பிலேயே இருந்தது. இடைவேளையில் அதை போர்டில் ஏற்றினேன். படபடப்பு நின்றது.

முந்தின நாள் ரூமில் புதிதாக வாங்கிய பேனல் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அதில் சிவப்புக் கம்பியும் நீலக் கம்பியும் தலைகீழாக இருந்தன. அதற்காகக் கோடில் இரண்டையும் இடம் மாற்றியிருந்தேன். திருப்பி மாற்ற மறந்துபோயிருந்தேன். அதே கோடைத்தான் அன்றைக்கு மைதானத்தில் ஏற்றினேன்.

நீ வழக்கம்போல வெற்றிலையைப் போட்டாய். சிவப்பும் நீலமும் இடம் மாறினாலும் பச்சை பச்சையாகத்தான் இருக்கும், வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கும். அழகாக இருந்தது. நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். நீ எண்ணிக்கைக்கு மாற்றினாய். அணிகள் பக்கம் மாறி நின்றிருந்தார்கள், பேரும் இல்லை, நிறம் ஒன்றுதான் அடையாளம். திரையில் சிவப்பு பதினேழு, நீலம் பதினொன்று.

ஊர்த் தெருப் பக்கம் விசிலடித்துக்கொண்டு எழுந்தது. காலனிப் பக்கத்திலிருந்து, "எங்க பாயிண்ட அவனுங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டானுங்கடா" என்று ஒரு குரல். முதல் கல் திரையில் பட்டது. நீ பாய்ந்து போய்த் திரையின் சுவிட்சை அணைத்தாய். அணைத்ததும் ஊர்த் தெரு, ஜெயித்த ஆட்டத்தை அழிக்கிறான் என்று இந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பந்தல் காலைப் பிடுங்கினார்கள். சவுக்குக் கட்டை ஆளுக்கு ஒன்று. நாற்காலிகள் தலைக்கு மேல் பறந்தன. நடுவரின் காது கிழிந்து தொங்கியதைப் பார்த்தேன். ஒரு பெண் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு ஓடினாள், விரல் சந்தெல்லாம் ரத்தம்.

"கம்ப்யூட்டரத் தொட்டவன் எவன்டா?" என்று ஒருவன் மேடை மேல் ஏறினான். லேப்டாப் என் மடியில் இருந்தது.

நான் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று அவர்கள் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்கு முன்னால் உனக்குப் புரிந்துவிட்டது. காலனிக்காரன் காலனி ஆட்டத்தின் எண்ணிக்கையில் கை வைத்தான் என்றால் அங்கேயே என்னைத் துண்டு போட்டிருப்பார்கள். நீ லேப்டாப்பைப் பிடுங்கினாய். என் நெஞ்சில் ஓர் உதை. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டிக்கு அடியில் போய் விழுந்தேன். நீ கடைசியாக என்னைத் தொட்டது அந்த உதைதான். பிறகு மைக்கில் உன் குரல் கேட்டது.

"ஏய்! நான்தான்யா மாத்தினேன்! என் தப்பு! கலரு மாறிப்போச்சி, நில்லுங்கய்யா!"

நிற்கவில்லை. நீ ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். சக்கரத்துக்கு அடியில் இருந்து எனக்குத் தெரிந்தது கால்கள் மட்டும்தான். சிவப்பு டவுசர், நீல டவுசர், வேட்டி, வெறுங்கால். இரண்டு பக்கத்துக் கால்களும் உன்னைச் சுற்றி நின்றன. கட்டை ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் சத்தம் மாறியது. நான் வெளியே வரவில்லை. மண்ணை வாயில் அள்ளிப் போட்டுக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கத்திவிடக் கூடாது என்று.

மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து போனாய். ஸ்டேஷனில் கேட்டார்கள். "வால ஓட்டினது அவருதான் சார், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். நான் வாயைத் திறந்தால் அந்த ஊர்க் காலனியைக் கொளுத்திவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி உயிர்ப் பயம். இன்றுவரை ஊர்த் தெருக்காரர்கள், நீ காலனிக்கு வேலை பார்த்தாய் என்கிறார்கள். காலனிக்காரர்கள், நீ ஊர்த் தெருவுக்கு வேலை பார்த்தாய் என்கிறார்கள். உன்னைக் கெட்டவன் என்று சொல்வதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

இதில் கேவலம் என்ன தெரியுமா? நம் போர்டில் யார் எந்த எழுத்தை மாற்றினாலும் பேரோடு, நாளோடு, நேரத்தோடு பதிவாகிவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய். 'புது பேனலுக்காகச் சிவப்பு நீலம் இடம் மாற்றினேன்' என்று என் பேர் போட்டு அந்த வரி இரண்டு வருஷமாக உலகத்துக்கு முன்னால் கிடக்கிறது. யாரும் பார்க்கவில்லை. யாராவது பார்த்துவிடட்டும் என்றும் இருந்தது, பார்த்துவிடக் கூடாது என்றும் இருந்தது. இதற்கு நடுவில் ஜோக் வேண்டுமாம்.

*

மேலே உள்ளதை எழுதி ஐந்து நாள் ஆகிறது. வலது கையால் எழுத முடியாததால் ஒற்றை விரலில் டைப் அடிக்கிறேன். பொறுத்துக்கொள்.

பதினோராவது ஸ்லைடிலிருந்து உன் முகத்தை எடுத்துவிட்டு, அந்தப் பதிவு வரியைப் பெரிய எழுத்தில் போட்டேன். போட்டதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது மாதிரி இருந்தது. அதையே தூக்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். உன் பெண்டாட்டியைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. நம் உறவுப்படி எனக்குத் தங்கச்சி. அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டுக் கருவாட்டுக் குழம்பு ஊற்றியவள். இப்போது திண்டிவனம் மார்க்கெட்டுக்கு மீன் கூடை தூக்குகிறாள்.

வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்று பலகையை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை. லேப்டாப்பைத் திறந்து ஸ்லைடைக் காட்டி, அது என்னவென்று சொன்னேன். மாற்றியது நான், அவன் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான் என்று சொன்னேன். அடுத்த வாரம் சென்னையில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் கையில் இருந்த அலுமினியச் சட்டியால் என் முகத்தில் அடித்தாள். மீன் கழுவிய தண்ணியும் செதிலும் கண்ணில் இறங்கின. இரண்டாவது அடி காதில்.

"ரெண்டு வருசம்டா. ரெண்டு வருசம். கலரு மாத்துனவன் பொண்டாட்டின்னு என் கூடைய எட்டி ஒதைச்சானுங்க மார்க்கெட்டுல. மீன மண்ணுல பொறுக்கிக்கினு இருந்தேன், இங்கிருந்து பஸ் புடிச்சா ஒரு மணி நேரம், அவ்ளோ கிட்டதான நீ இருந்த? அவரு செத்ததுக்கு நான் அழுதேன். அவரு அயோக்கியன்னு நெனச்சி அதவிட அதிகமா அழுதேன். நானே நெனச்சேன்டா. எம் புருசன நானே அப்டி நெனச்சிட்டேன்."

சட்டி கையிலிருந்து விழுந்தது. உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"மெட்ராசுல கோட்டு போட்டவன்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அவனா அடிச்சான்? அந்த ஊருல போய்ச் சொல்லு. ரெண்டு பக்கமும் கேக்குற மாதிரி சொல்லு."

"என்னால அந்தக் காலனிக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"அவரு சாவும்போது இந்தக் கேள்வியக் கேட்டுக்கினா சும்மா இருந்த? நானும் வர்றேன். நட."

மறுநாள் சாயங்காலம் போனோம். அந்த மைதானத்தை ஒட்டிய ரோட்டில் ஒரு டீக்கடை. கடைப் பெஞ்சில் ஊர்த் தெரு ஆட்கள். எதிர்ப் பக்கத்தில் புளியமரத்தடியில் காலனி ஆட்கள். நடுவில் பஸ் போகிற ரோடு மட்டும்தான். தங்கச்சி மீன் கூடையை நடு ரோட்டில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"கலரு மாத்துனவன் பொண்டாட்டி வந்திருக்கிறேன். எல்லாரும் வாங்க" என்று கத்தினாள்.

வந்தார்கள். ரோட்டுக்கு அந்த ஓரமும் இந்த ஓரமும் நின்றார்கள். ஒன்றுக்கு வந்துவிடும் போல் இருந்தது. ஸ்லைடும் இல்லை, படமும் இல்லை. மாற்றியது நான், மறந்தது நான், அவன் பொய் சொல்லி என்னைக் காப்பாற்றினான் என்று வாயாலேயே சொன்னேன். நீ யாரு, எந்த ஊரு என்று கேட்டார்கள். கெடார் காலனி என்றேன்.

முதல் அடி ஊர்த் தெருவிலிருந்து வரும் என்றுதான் நினைத்தேன். காலனிப் பக்கத்திலிருந்து வந்தது. "உன்னாலதானடா எங்க வூட்டு ஆம்பளைங்க ஜெயிலுக்குப் போனானுங்க" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினான். அப்புறம் அந்தப் பக்கமும் சேர்ந்துகொண்டது. தோளில் ஒரு கட்டை இறங்கியது. கீழே விழுந்தேன். மறுபடியும் எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. இந்தத் தடவை ஒளிய வண்டி இல்லை. தங்கச்சி கூடை மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாலு அடி விழும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

சிவப்பு அணிக்கு அன்று தலைவனாக இருந்தவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். உன் கொலை வழக்கில் விழுப்புரம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு நடக்கிறவர்களில் அவனும் ஒருவன். கட்டை வைத்திருந்தவன் கையைப் பிடித்து நிறுத்தினான். என்னைப் பார்க்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தான்.

"அப்போ அந்தாளு ஒண்ணுமே பண்லியாக்கா? காலனிக்கு வேலை பார்த்தான்னுதான... அதனாலதான நாங்க... சும்மாவா அடிச்சோம் அந்தாள?"

"ஆமா" என்றாள் தங்கச்சி. "சும்மாதான் அடிச்சிக் கொன்னீங்க."

இரண்டு வருஷமாக அவர்கள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான். தப்பு செய்தவனை அடித்தோம் என்று நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். சிவப்பு அணித் தலைவன் ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்து, தன் கன்னத்தில் தானே பளார் பளாரென்று அறைந்துகொண்டான். அவன் அம்மா போலிருக்கிறது, ஓடி வந்து கையைப் பிடித்தாள். அவளையும் தள்ளிவிட்டு அடித்துக்கொண்டான். எதிர் ஓரத்தில் என்னைக் குத்தியவன் தலையைக் குனிந்துகொண்டு மரத்தடிக்குத் திரும்பி நடந்தான்.

'கொன்னீங்க' என்றதைத் தங்கச்சி அவர்களைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை மச்சான். சொல்லிவிட்டுக் கீழே கிடந்த என் பக்கமும் ஒரு தடவை திரும்பினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். திண்டிவனத்தில் இறங்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணே என்று கூப்பிடவில்லை. இனிமேலும் கூப்பிடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன்னை அயோக்கியன் என்று நினைக்காமல் இன்றைக்கு அவள் சாப்பிட்டிருப்பாள், அது போதும்.

வலது தோளைத் தூக்க முடியவில்லை. எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, ஆறினாலும் மழைக்காலத்தில் குத்தும் என்று டாக்டர் சொன்னார். குத்தட்டும். அது அன்றைக்கு மேடையில் எனக்கு விழ வேண்டிய அடி. மிச்சத்தையெல்லாம் நீ வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.